சிஒய்பி 2ஈ1 ஆன்டிபாடி: எல்லா லேனிலும் ஒரே அளவு பேண்டு, இதை நம்பலாமா?

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கல்லீரலில் மதுவையும் பல மருந்துகளையும் உடைக்கிற சைட்டோகுரோம் பி450 (சுருக்கமாக சிஒய்பி) குடும்பம் இருக்கிறதே, அதில் 2ஈ1 என்ற நொதிதான் என் வேலை. விஸ்டார் எலிகளில் மூன்று குழு: சாதாரணம், மது கொடுத்தது, மதுவோடு கீழாநெல்லிச் சாறும் கொடுத்தது. மது கொடுத்த குழுவில் 2ஈ1 ஏற வேண்டும், சாறு கொடுத்ததில் குறைகிறதா என்று பார்க்க வேண்டும், இதுதான் திட்டம்.

வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) போட்டால் மூன்று குழுவிலும் 52 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) பக்கத்தில் அழகான, அழுத்தமான பேண்டு. ஆனால் மூன்றும் ஒரே அளவு. நொதியைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி (பிரைமரி) சுண்டெலியில் செய்த மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி); அதைக் காட்டிக்கொடுக்கும் செகண்டரி, எச்ஆர்பி என்ற நொதி ஒட்டிய ஆன்டி-மவுஸ் (சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிப்பது). கல்லீரலை அப்படியே அரைத்து, முழுச் சாற்றையும் லேனுக்கு 30 மைக்ரோகிராம் ஏற்றினேன். ஏற்றிய அளவு சமமா என்று பார்க்கும் ஆக்டின் புரதமும் சமமாக இருக்கிறது. "சாறுக்கு விளைவு இல்லை என்று எழுதிவிடு" என்கிறார் கைடு. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் மது கொடுத்த குழுவிலேயே ஏறவில்லையே. ஆன்டிபாடியின் தாளில் "எலியில் வேலை செய்யும்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. எங்கே பார்ப்பது?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

எழுதிவிடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கேள்வி. கல்லீரலை எடுக்கும் முன் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றினீர்களா? போர்ட்டல் சிரை வழியாகக் குளிர்ந்த சலைன் விட்டு, கல்லீரல் வெளிறும் வரை?

காவிரிக்கரை

இல்லை அண்ணா. எடுத்து, சலைனில் வெளியே அலசிவிட்டு உறைய வைத்தோம்.

வெண்ணாறு

சரி, அப்படியென்றால் நீங்கள் பார்க்கிற பேண்டு 2ஈ1 தானா என்றே எனக்குச் சந்தேகம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கழுவாத கல்லீரலில் எலியின் சொந்த ரத்தம் நிறைய தங்கியிருக்கும், அதில் எலியின் சொந்த ஐஜிஜி ஆன்டிபாடியும் இருக்கும். ஜெல்லில் ஐஜிஜி உடையும்போது கனமான சங்கிலி ஏறத்தாழ 50 கிலோடால்டனிலும், லேசான சங்கிலி 25 பக்கத்திலும் ஓடும். பி450 நொதிகளோ, 2ஈ1 ஆனாலும் 3ஏ4 ஆனாலும், 50 முதல் 57 வரைக்குள் தான் வந்து உட்காரும். அதாவது நீங்கள் தேடுகிற இடத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். சுண்டெலியின் ஐஜிஜியும் எலியின் ஐஜிஜியும் மிக நெருங்கியவை, அதனால் ஆன்டி-மவுஸ் செகண்டரி உங்கள் பிரைமரியை மட்டுமல்லாமல் எலியின் ஐஜிஜியையும் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். எல்லா எலியிலும் ரத்தம் ஏறக்குறைய ஒரே அளவு, எனவே எல்லா லேனிலும் ஒரே அளவு பேண்டு!

சோதித்துப் பார்க்க ஒரு காசு கூடுதலாக ஆகாது. அதே சாம்பிளை இன்னொரு மெம்பிரேனில் ஓட்டி, பிரைமரி போடாமல் செகண்டரி மட்டும் போடுங்கள். 52ல் பேண்டு வந்தால் கதை முடிந்தது. 25 பக்கத்திலும் ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். மெம்பிரேனை 40க்குக் கீழே வெட்டிவிட்டு ஆன்டிபாடி போடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அப்படி வெட்டினால் இந்தத் துப்பு கையைவிட்டுப் போய்விடும்.

மன்னார்குடி ஆசிரியர்

வெண்ணாறு சொன்னதோடு இன்னொன்று. பேண்டு அசலாகவே 2ஈ1 என்று வைத்துக்கொண்டாலும், மூன்றும் சமமாக வருவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அம்மா, எலிகளை முந்தின இரவே பட்டினி போட்டு, மறுநாள் காலையில் எடுத்தீர்களா? மதுவை எப்போது நிறுத்தினீர்கள்?

காவிரிக்கரை

ஆமாம் சார், இரவு முழுக்கப் பட்டினி. மதுவும் முந்தைய நாள் காலையோடு நிறுத்தம். எங்கள் துறையில் வழக்கமாக அப்படித்தான் செய்வோம்.

மன்னார்குடி ஆசிரியர்

வழக்கம்தான், மற்ற அளவுகளுக்கு அதில் தவறும் இல்லை. ஆனால் 2ஈ1 இந்த விஷயத்தில் தனி ரகம். மது இந்த நொதியை ஏற்றுவது பெரும்பாலும் மரபணுவைத் தூண்டி அல்ல. ஏற்கெனவே இருக்கிற புரதத்தில் மது போய் ஒட்டிக்கொண்டு, அது சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கிறது. அதனால்தான் பல சோதனைகளில் எம்ஆர்என்ஏ (மரபணுவின் நகல்) அசையாமல் இருக்க, புரதம் மட்டும் ஏறுகிறது. எம்ஆர்என்ஏ-வை அளக்கும் ஆர்டி-பிசிஆர் மட்டும் பார்த்துவிட்டு "மாற்றம் இல்லை" என்று முடிக்கக் கூடாத நொதி இது, ஆன்டிபாடி கட்டாயம் வேண்டியிருப்பதும் அதனால்தான். மதுவை நிறுத்தினால் காவலும் போய்விடும், ஒரு நாளுக்குள் நொதி வேகமாக இறங்கிவிடும். இன்னொரு பக்கம் பட்டினி, அது 2ஈ1-ஐ ஏற்றும். பட்டினியில் உடம்பில் கீட்டோன்கள் கூடும், அசிட்டோன் இந்த நொதிக்கு நல்ல தூண்டி. கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை நோயிலும் இதே கதைதான்.

ஆக, மதுக் குழுவில் இறங்க விட்டு, சாதாரணக் குழுவில் ஏற விட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறோம். சமமாக வந்தால் வியப்பு என்ன?

சோழநாட்டு மருந்தாளுநர் (தஞ்சாவூர்)

இந்த இழையிலேயே என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். நான் ஹெப்-ஜி2 செல்லில் 3ஏ4 பார்க்கிறேன். 3ஏ4-ஐ ஏற்றும் ரிஃபாம்பிசின் மருந்தைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நல்ல பேண்டு வருகிறது. செல் வளர்ப்பில் ரத்தம் எங்கே இருக்கிறது, அப்படியானால் என் பேண்டு சரிதானே?

வெண்ணாறு

ரத்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை, ஆனால் வேறு பிரச்சினை இருக்கிறது. ஹெப்-ஜி2 கல்லீரல் புற்றுச் செல்தான், ஆனாலும் அதில் பி450 நொதிகள் மிகவும் குறைவு. மனிதக் கல்லீரல் மைக்ரோசோமில் (செல்லின் உள்சவ்வுத் துண்டுகள்) வருகிற 3ஏ4 பேண்டோடு அடுத்தடுத்த லேனில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அழுத்தத்தில் வந்தால் நிச்சயம் வேறு எதையோ பிடிக்கிறது. ஹெபா-ஆர்ஜி என்ற செல்லை டிஎம்எஸ்ஓ கொடுத்து முதிர வைத்தால் 3ஏ4 நன்றாக இருக்கும், விலைதான் அதிகம்.

அப்புறம், 3ஏ4-ம் 3ஏ5-ம் ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி, வரிசையில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஒன்று. கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரலில் 3ஏ7. முழுப் புரதத்தையும் கொடுத்து முயலில் எடுத்த பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் மூன்றையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். எந்தத் துண்டைக் கொடுத்து ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்று தாளில் தேடுங்கள், இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராத ஆன்டிபாடியை நான் வாங்குவதே இல்லை.

குடமுருட்டி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இவ்வளவு சுற்றி வளைப்பதை விட ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி (தெரிந்த மரபணு வரிசையை வைத்துச் செய்வது) ஒன்றை வாங்கிவிடுவது மேல். மோனோகுளோனல் என்று 1975ல் கோலரும் மில்ஸ்டீனும் வழி காட்டியதிலிருந்து ஆன்டிபாடி சுரக்கும் ஹைப்ரிடோமா செல்லை நம்பித்தான் ஓடுகிறோம், ஆனால் அந்தச் செல்களே பல சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலியைச் சுரக்கின்றன, சில காலப்போக்கில் செத்தும் போகின்றன. வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட் என்றால் இந்த லாட்டும் (தயாரிப்புத் தொகுதி) அடுத்த லாட்டும் ஒன்றே. 2015ல் நூறுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு நேச்சர் இதழில் கேட்டது இதைத்தான்.

மன்னார்குடி ஆசிரியர்

குடமுருட்டி சொல்வது கொள்கையில் சரி. ஆனால் ரீகாம்பினன்ட் வாங்கினாலும் அந்த எலியின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி எங்கேயும் போகாது, பட்டினியும் தீராது. லாட் மாறாமல் இருப்பது ஒன்று, உங்கள் சாம்பிளில் அது எதைப் பிடிக்கிறது என்பது வேறு.

பணமும் ஒரு விஷயம். டெல்டாவில் இருக்கிற கல்லூரிகளில் பாதிக்கு மேல் ஒரு குப்பி ஆன்டிபாடி வாங்க ஒப்புதல் கையெழுத்துக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டும். வந்து சேரும்போது ஜெல் பேக் உருகிப்போய் வந்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை, மைனஸ் இருபதில் இருந்ததெல்லாம் உருகிவிட்டது. அன்றிலிருந்து என் மாணவர்களுக்குச் சொல்வது: குப்பி வந்த அன்றே சிறுசிறு பங்காகப் பிரியுங்கள், ஐம்பது சதவீதம் கிளிசரால் இருக்கும் ஆன்டிபாடி மைனஸ் இருபதில் உறையாது, அதனால் உறைந்து உருகும் சேதம் குறையும். ஒரு பங்கை வேறு கட்டடத்தில் வையுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு, நல்ல சாம்பிளில் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் எந்தக் குப்பியையும் தூக்கி எறியவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

அரசலாறு (கும்பகோணம்)

மருத்துவர் நான், ஆய்வகக்காரன் இல்லை. இருந்தாலும் இந்த நொதியைப் பற்றி ஒரு வார்த்தை. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கை நாப்கி என்ற நச்சாக மாற்றுவதில் 2ஈ1-க்கு முக்கியப் பங்கு. வழக்கமான அளவில் குளூட்டாதயோன் அதை அடக்கிவிடும். தினமும் குடிப்பவருக்கு நொதி ஏறியிருக்கும், சாப்பாடும் சரியில்லாமல் குளூட்டாதயோன் குறைந்திருக்கும். நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் உடம்பு வலி என்று கடையில் கேட்டு மாத்திரையை அள்ளிப் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன், ஒரு மூலிகை இந்த நொதியைக் குறைக்கிறது என்றோ குறைக்கவில்லை என்றோ எழுதும்போது, அளந்தது உண்மையில் இந்த நொதியைத்தான் என்று உறுதி செய்துவிட்டு எழுதுங்கள். கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு வீட்டிலேயே அரைத்துக் குடிக்கிற ஊர் இது. உங்கள் கட்டுரையில் ஒரு வரி செய்தித்தாளுக்குப் போனால், அதைப் படித்து ஒருவர் மருந்தை நிறுத்தலாம், இன்னொருவர் கூடுதலாகக் குடிக்கலாம்.

இன்னொரு தகவல், தொடர்புடையது. நம் உடம்பே சில சமயம் பி450-க்கு எதிராக ஆன்டிபாடி செய்துவிடுகிறது. இரண்டாம் வகைத் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது, அதில் எல்கேஎம்-1 என்ற ஆன்டிபாடியைத் தேடுவோம். அது பிடிப்பது சிஒய்பி 2டி6 நொதியை. நோயாளியின் சீரத்தை எலியின் கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் மேல் விட்டு ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கேயும் இதே கேள்விதான், ஒளிர்வது எதனால் என்று உறுதிப்படுத்திய பிறகே மருந்து எழுத முடியும்.

காவிரிக்கரை

டாக்டர் ஐயா, நன்றி. நீங்கள் சொன்னதைக் கைடிடம் அப்படியே காட்டினேன், மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டுவிட்டார்.

வெண்ணாறு அண்ணா சொன்னபடி செகண்டரி மட்டும் போட்டேன். 50க்குச் சற்று மேலே அதே பேண்டு, அதே அழுத்தம். 25 பக்கத்திலும் இருக்கிறது. ஆக, இத்தனை நாளும் நான் பார்த்தது எலியின் ஐஜிஜியைத்தான் என்று தெரிகிறது. இனி செய்ய வேண்டியது என்ன? எலிகள் மிச்சம் இல்லை, திரும்ப விலங்கு நெறிக்குழுவுக்கு எழுத வேண்டும். உறைந்த கல்லீரல் மட்டும் இருக்கிறது.

வெண்ணாறு

உறைந்த கல்லீரலிலேயே நிறைய செய்யலாம், தங்கச்சி. முழுச் சாற்றை விட்டுவிட்டு மைக்ரோசோம் எடுங்கள். 2ஈ1 எண்டோபிளாச வலையின் சவ்வில் இருக்கிறது, மைக்ரோசோமில் அது பல மடங்கு செறிந்திருக்கும், கரையும் ரத்தப் புரதம் பெரும்பாலும் மேலே நின்றுவிடும். வண்டலை ஒரு தடவை திரும்பக் கலக்கிக் கழுவுங்கள், மிச்ச ஐஜிஜியும் குறையும்.

செகண்டரியை மாற்றுங்கள். எலி ஐஜிஜியைப் பிடிப்பவற்றை எலி சீரத்தில் கழித்தெடுத்த ஆன்டி-மவுஸ் கிடைக்கும். அல்லது முயலில் செய்த பிரைமரிக்கு மாறி, ஆன்டி-ராபிட் செகண்டரி போடுங்கள். எது செய்தாலும் செகண்டரி மட்டும் போட்ட மெம்பிரேனை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள்.

ஆக்டினையும் விடுங்கள். மைக்ரோசோமுக்கு ஆக்டின் சரியான துணை இல்லை, அது செல்லின் வேறு பகுதி. எண்டோபிளாச வலையிலேயே இருக்கும் கால்நெக்சின் போடுங்கள், ஜெல்லில் 90 பக்கம் ஓடும், உங்கள் பேண்டோடு மோதாது.

ஒரு எச்சரிக்கை: ஆன்டிபாடியைக் கலக்கும் கரைசலில் சோடியம் அசைடு போடாதீர்கள், எச்ஆர்பி செத்துவிடும்.

காவிரிக்கரை

மைக்ரோசோமுக்கு ஒரு லட்சம் ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வேண்டுமே, எங்களிடம் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இல்லையே?

மன்னார்குடி ஆசிரியர்

தேவையில்லை அம்மா. பத்தாயிரம் ஜி-யில் மைட்டோகாண்ட்ரியாவை இறக்கிவிட்டு, மேலே நிற்பதில் 8 மில்லிமோலார் வருகிற மாதிரி கால்சியம் குளோரைடு சேர்த்து ஐஸில் வையுங்கள். மைக்ரோசோம் ஒன்றோடொன்று திரண்டுவிடும், 27 ஆயிரம் ஜி-யிலேயே வண்டலாக இறங்கும். எழுபதுகளிலிருந்தே இருக்கிற முறை இது. கட்டுரையில் எப்படி எடுத்தோம் என்று எழுதிவிட்டால் போதும், அல்ட்ரா இல்லை என்று ஆய்வையே கைவிட வேண்டியதில்லை. குளிர் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று இருந்தால் நம் ஊர்க் கல்லூரியிலேயே முடியும்.

இன்னொன்று, பிளாட் மட்டும் போதாது, செயல்பாட்டையும் பாருங்கள். பாரா-நைட்ரோபீனாலை 2ஈ1 நைட்ரோகேட்டகோலாக மாற்றும். மைக்ரோசோம், நொதிக்குத் துணையான என்ஏடிபிஎச், பாரா-நைட்ரோபீனால், முடிவில் அமிலம் விட்டு நிறுத்தி, காரம் சேர்த்தால் நிறம் வரும், சாதாரண ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 510 பக்கம் படிக்கலாம். ஆன்டிபாடி புரதம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், அது உயிரோடு வேலை செய்கிறதா என்று சொல்லாது. நொதியை உள்ளிருந்தே முடக்குகிற பொருள் உங்கள் சாற்றில் இருந்தால், பேண்டு அப்படியே இருக்க, செயல்பாடு மட்டும் விழும். பேண்டும் செயல்பாடும் ஒரே திசையில் போனால் எழுதும்போது கை நடுங்காது.

குடமுருட்டி

இதை ஏற்கிறேன். 2016ல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கு ஐந்து வழிகள் என்று ஒரு பன்னாட்டுக் குழு சொன்னதில், ஆன்டிபாடி சம்பந்தமில்லாத வேறு முறையோடு ஒப்பிடுவதும் ஒன்று. முதல் வழி மரபணுவை நீக்கிய செல்லிலோ விலங்கிலோ பேண்டு மறைகிறதா என்று பார்ப்பது. 2ஈ1 இல்லாத சுண்டெலியை 1996லேயே உருவாக்கிவிட்டார்கள். அந்தக் கல்லீரல் மைக்ரோசோம் ஒரு துளி கிடைத்தால் விவாதமே வேண்டாம், ஆனால் நம் பக்கம் அது கைக்கு எட்டுவது சிரமம்தான்.

வெண்ணாறு

எட்டாதது கிடக்கட்டும், எட்டுவதைச் செய்வோம். பேண்டு இறங்கக் கூடிய சாம்பிளும் ஏறக் கூடிய சாம்பிளும் வேண்டும். குடிநீரில் ஒரு சதவீதம் அசிட்டோன் கொடுத்த எலியில் 2ஈ1 நன்றாக ஏறும், அது ஏறும் பக்கத்துச் சாட்சி. இறங்கும் பக்கத்துக்கு நுரையீரல் போன்ற, 2ஈ1 மிகக் குறைந்த உறுப்பின் மைக்ரோசோம் போடலாம்.

திசுத் துண்டு மிச்சம் இருந்தால் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியும் (திசுவில் ஆன்டிபாடியால் நிறமேற்றுவது) பாருங்கள். 2ஈ1 கல்லீரல் முழுக்கப் பரவியிருக்காது, மையச் சிரையைச் சுற்றி வளையமாக இருக்கும். பாராசிட்டமால் அடித்தால் முதலில் சாகிற இடமும் அதுதான், டாக்டருக்குத் தெரியும். உங்கள் நிறம் அந்த வளையத்தில் மட்டும் விழுந்தால் ஆன்டிபாடியின் மேல் நம்பிக்கை கூடும், எங்கும் ஒரே மாதிரி விழுந்தால் அது வேறு எதையோ பிடிக்கிறது. கல்லீரலில் பயோட்டின் அதிகம், அவிடின்-பயோட்டின் முறையில் பொய் நிறம் வரும், பாலிமர் முறைக்குப் போங்கள்.

சோழநாட்டு மருந்தாளுநர்

ஆசிரியர் ஐயா, எனக்கும் 3ஏ4-க்கு இதே மாதிரி செயல்பாட்டுச் சோதனை உண்டா?

மன்னார்குடி ஆசிரியர்

உண்டு. டெஸ்டோஸ்டிரோன் 6-பீட்டா ஹைட்ராக்சிலேஷன், அல்லது மிடாசொலம். எச்பிஎல்சி கருவி வேண்டும். ஹெப்-ஜி2ல் ஒன்றும் வராது என்று நினைக்கிறேன், ஆனாலும் செய்து பாருங்கள், அந்த வெறுமையே உங்கள் பேண்டு பற்றிப் பதில் சொல்லிவிடும்.

காவிரிக்கரை

நெறிக்குழுவுக்குப் புது விண்ணப்பம் எழுதுகிறேன். இந்த முறை மதுவைக் கடைசி வரை நிறுத்தாமல், பட்டினி போடாமல், கல்லீரலைக் கழுவி எடுப்பதாகக் காரணத்தோடு எழுதியிருக்கிறேன். இடையில் பழைய கல்லீரலில் கால்சியம் முறையில் மைக்ரோசோம் எடுத்தேன், கழித்தெடுத்த செகண்டரியும் வந்துவிட்டது. செகண்டரி மட்டும் போட்ட மெம்பிரேன் இப்போது சுத்தமாக இருக்கிறது. பிரைமரி போட்டால் 52 பக்கம் மெல்லிய பேண்டு, அதுதான் நொதி என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். யாரிடமாவது அசிட்டோன் கொடுத்த எலியின் மைக்ரோசோம் கொஞ்சம் இருக்குமா?

வெண்ணாறு

எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது, பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன், தரச் சொன்னார். மைக்ரோசோமாகவே அனுப்பினால் உலர்பனி வேண்டும், திருச்சி வரை வெயிலில் சிக்கல். எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபரில் கலந்து தருகிறேன், ஐஸ் பெட்டியிலேயே தாங்கும். செயல்பாட்டுக்கு அது ஆகாது, பிளாட்டுக்குப் போதும். கூடவே சாதாரண எலியின் சாம்பிளும் வைக்கிறேன், இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் போடுங்கள். ஆன்டிபாடியின் கேட்டலாக் எண், லாட் எண் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கட்டுரையில் ஆர்ஆர்ஐடியும் (ஆன்டிபாடிக்கான பொது அடையாள எண்) போடுங்கள்.

புதன்கிழமை காலை தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வர முடியுமா?

காவிரிக்கரை

வருகிறேன் அண்ணா. ஐஸ் பெட்டி நானே எடுத்து வருகிறேன்.